பீடோங் பழங்காசுக் கடையும் கேர்சோப்பா வெள்ளியும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் கடைத்தெருவில் ஒரு பழங்காசுக் கடை இருக்கிறது. பலர் அதைத் தாண்டிப் போயிருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள். வாசலில் பித்தளைக் குத்துவிளக்கு, திருகைக்கல், ஈயம் பூசிய அண்டா என்று தோட்டத்து (எஸ்டேட்) வீடுகளைக் காலி செய்துகொண்டு வந்தவர்கள் விற்றுவிட்டுப் போன சாமான்கள்தான் கண்ணில் படும். காசுகள் எல்லாம் உள்ளே, கண்ணாடிப் பெட்டியில். போன மாதம் அங்கே ஒரு வெள்ளிக்காசு வாங்கினேன். விலை 260 வெள்ளி. (மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்றுதான் சொல்வோம்.) காசைப் பற்றியும் கடையைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கடை இல்லாவிட்டால் இந்தக் காசு என் கைக்குச் சரியாக வந்திருக்காது.

காசு சின்னது. கால் அவுன்ஸ், அதாவது 8 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 999 சுத்த வெள்ளி. பிரிட்டனின் நாணயச்சாலை ராயல் மிண்ட் அடித்தது, இந்த வகையில் மொத்தம் 20,000 காசுகள்தான். ஒரு பக்கம் எலிசபெத் ராணியின் தலை. மறு பக்கம் பிரிட்டானியா, சூலமும் கேடயமுமாக நிற்கிறாள். என் மகள் முதலில் பார்த்துவிட்டு "துர்க்கையாம்மா?" என்று கேட்டாள். இது வரைக்கும் சாதாரண பிரிட்டானியா காசுதான், உலகம் முழுக்கக் கிடைக்கும். இதை வேறாக்குவது விளிம்பு. படுக்க வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிமிர்த்திப் பிடித்து வெளிச்சத்தில் மெல்ல உருட்டினால் எஸ்எஸ் கேர்சோப்பா என்ற கப்பல் பெயர் ஆங்கில எழுத்தில் ஓடும். அந்தக் கப்பலோடு மூழ்கி, 71 வருஷம் அட்லாண்டிக் கடலடியில் கிடந்து, மேலே எடுத்து வந்த வெள்ளியில் அடித்த காசு இது.

முதல் தடவை நான் இதை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். படத்தில் எல்லாம் சரியாக இருந்தது, முன்னால் ராணி, பின்னால் பிரிட்டானியா, வருஷமும் சரி. பார்சல் வந்தது, பிரித்தேன், விளிம்பு மொட்டையாக இருந்தது. எழுதிக் கேட்டால் "இரண்டும் ஒரே வெள்ளிதான்" என்று பதில், அதற்குப் பிறகு பதிலே இல்லை. ஒரே வெள்ளி இல்லை என்பதால்தானே அந்த விலை! நான் எடைக்கு வாங்கவில்லை. எடைக்குப் பார்த்தால் இந்தக் காசில் இருக்கிற வெள்ளி நான் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகத்தான் பெறும். அதனால் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று, விளிம்பைத் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

இந்த மனவருத்தத்தோடுதான் பீடோங் கடைக்குப் போனேன், அதுவும் வேறு வேலையாக, பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குக் கீல் மாற்ற. கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். பேச்சு வாக்கில் காசு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார், மூன்று காசு, மூன்றும் பிளாஸ்டிக் உறையில். கண்ணாடி வில்லையைக் கையில் கொடுத்து, "நீயே பாரும்மா, நான் சொல்லி நீ நம்ப வேண்டாம்" என்றார். ஒவ்வொன்றாக உறையை விட்டு எடுத்து, விளிம்பைப் பிடித்து, தராசில் வைத்து, காந்தத்தையும் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினார். அரை மணி நேரம். வாங்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பட்டணத்துக் கடைகளில் இந்தப் பொறுமையை நான் பார்த்ததில்லை.

காசோடு ஒரு துண்டுத்தாளும் கொடுப்பார், அவரே டைப் செய்தது. அதில் மூன்று வரி இருந்தது: கப்பல் பெயர், மூழ்கிய தேதி, எடுத்த வெள்ளியின் கணக்கு. அந்தத் தாளில்தான் எனக்குச் சிக்கல் வந்தது. அதைச் சொல்ல முதலில் கப்பல் கதையைச் சொல்ல வேண்டும்.

கேர்சோப்பா பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் (சுருக்கமாக பி.ஐ. கம்பெனி) சரக்குக் கப்பல். 1919இல் இங்கிலாந்தில் ஜாரோ என்ற ஊரில் கட்டியது, 5,237 டன். பெயர் கர்நாடகாவின் கேர்சோப்பா அருவியிலிருந்து வந்தது, நாம் ஜோக் அருவி என்கிறோமே, அதுதான். 1940 டிசம்பரில் கல்கத்தாவில் சரக்கு ஏற்றினார்கள். வெள்ளிக்கட்டிகள், இரும்புக்கட்டிகள், தேயிலை என்று ஏறக்குறைய 7,000 டன். ஆப்பிரிக்காவைச் சுற்றி சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகம் வரை வந்து, அங்கே எஸ்எல் 64 என்று எண்ணிட்ட கப்பல் கூட்டத்தோடு சேர்ந்து இங்கிலாந்து நோக்கிக் கிளம்பியது. பிப்ரவரி மாதத்து வட அட்லாண்டிக் சும்மா விடுமா? காற்று, பேரலை, பாரமோ அளவுக்கு மேல், நிலக்கரி கணக்கை மீறிக் கரைந்தது. கூட்டத்தோடு போனால் கரி பத்தாது என்று தெரிந்ததும் கேப்டன் ஜெரால்டு ஹைலண்ட் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பினார். காவல் இல்லை, துணைக் கப்பல் இல்லை, மெதுவாக ஊர்ந்து போகிற ஒற்றைச் சரக்குக் கப்பல்.

1941 பிப்ரவரி 16 அன்று ஒரு ஜெர்மன் விமானம் மேலே வந்து வட்டமடித்துவிட்டுப் போனது. அன்று இரவே எர்ன்ஸ்ட் மெங்கர்சன் தலைமையில் வந்த யூ-101 நீர்மூழ்கியின் டார்பிடோ வலது பக்கம் இரண்டாம் சரக்கறையில் பாய்ந்தது. முன் கொடிமரம் சாய்ந்து கம்பியில்லாத் தந்தியின் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு போனதால் உதவி என்று கூவக்கூட வழி இல்லை. இருபது நிமிடம் அளவில் எல்லாம் முடிந்தது. நின்றிருந்தது அயர்லாந்துக்குத் தென்மேற்கே சுமார் 300 மைலில்.

கப்பலில் 86 பேர். படகுகளை இறக்கினார்கள், அதில் ஒரு படகைத்தான் பிறகு யாராவது பார்த்தார்கள். அந்தப் படகில் இரண்டாம் அதிகாரி ரிச்சர்டு அய்ர்ஸ் இருந்தார், முப்பது பேர் அளவில் இருந்தார்கள். பதின்மூன்று நாள். குளிரிலும் தாகத்திலும் ஒருவர் பின் ஒருவராகப் போய், கடைசியில் மிஞ்சிய சிலர் மார்ச் 1ஆம் தேதி இங்கிலாந்தின் தென்கோடியில் லிசர்டு என்ற முனையைக் கண்டார்கள். கரை கண்ணில் தெரிகிறது. அங்கே பாறையோரத்து அலையில் படகு கவிழ்ந்தது. கரையில் இருந்த மூன்று சிறுமிகள் பார்த்து ஓடிப்போய் ஆள் கூட்டி வந்தார்கள். உயிரோடு கிடைத்தவர் அய்ர்ஸ் ஒருவர் மட்டும். மற்ற 85 பேரும் போய்விட்டார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதின்மூன்று நாள் தாங்கியவனை அந்தக் கடைசி அலை கொண்டுபோனதை எப்படி ஏற்றுக்கொள்வது?

மூழ்கிய கப்பலை 2011இல் ஒடிஸி மரின் என்ற அமெரிக்க கம்பெனி தேடிக் கண்டுபிடித்தது. ஆழம் சுமார் 4,700 மீட்டர். நம் ஜெராய் மலை 1,217 மீட்டர், நான்கு ஜெராயை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் கடைசி உச்சி கொஞ்சம் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும், அவ்வளவு ஆழம். டைட்டானிக் கிடப்பதைவிட ஆழம். அங்கேயும் இயந்திரத்தை இறக்கி 2012, 2013 இரண்டு வருஷங்களில் 2,792 வெள்ளிக்கட்டிகளை எடுத்தார்கள், சுமார் 110 டன். செலவு போக மிஞ்சியதில் 80 சதவீதம் கம்பெனிக்கு, 20 சதவீதம் பிரிட்டிஷ் அரசுக்கு. 700க்கும் மேற்பட்ட கடிதங்களும் கிடைத்தன, இந்தியாவில் இருந்தவர்கள் ஊருக்கு எழுதியவை, அத்தனை வருஷம் கடலடியில் இருந்தும் எழுத்து அழியாமல். அவற்றைப் பக்குவப்படுத்தி 2018இல் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஐயாவின் தாளில் 2,792 கட்டி என்று கணக்கு இருந்தது, 85 பேர் என்று இல்லை. அந்த 85 பேரில் பெரும்பாலானவர்கள் லஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள். அந்தக் காலத்தில் கல்கத்தாவில் ஆள் எடுத்த கப்பல்களில் சில்ஹெட், சிட்டகாங், நவகாளி பக்கத்து வங்காளிகள்தான் அதிகம், தமிழர்கள் இல்லை. அதனால் "நம்மவர்கள்" என்று நான் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் அவர்களுடைய வேலைப் பெயர்களைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. தலைவன் செராங். அவனுக்குக் கீழே தண்டல். சமையல்காரன் பண்டாரி. தண்டல்! என் அப்பா வாழ்நாள் முழுக்க "தண்டல் வர்றாரு" என்றால் எழுந்து நின்றவர். தோட்டத்தில் காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு, ஆள் கூப்பிட்டவர் தண்டல், கப்பலில் கயிறு இழுக்க ஆள் கூப்பிட்டவரும் தண்டல். பினாங்கில் சோறும் கறியும் விற்கிற நாசி கண்டார் கடையில் அடுப்படியில் நிற்பவரை இன்றைக்கும் பண்டாரி என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரே துரைமார், ஒரே கணக்குப் புத்தகம், ஒரே சொற்கள். கூலியும் அப்படித்தான், அதே கப்பலில் வேலை செய்த வெள்ளைக்கார மாலுமிக்குக் கிடைத்ததைவிட லஸ்கருக்குச் சம்பளம் பல மடங்கு குறைவு, படுக்க ஒதுக்கிய இடமும் குறைவு. 1939இல் போர் தொடங்கியதும் சம்பளம் கேட்டு லஸ்கர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்ததும் வரலாற்றில் இருக்கிறது.

கம்பெனியும் நமக்குத் தெரியாத கம்பெனி இல்லை. பி.ஐ. கம்பெனியின் ரஜூலா கப்பலில்தான் என் பாட்டி நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கினார். கறுப்புப் புகைக்குழாயில் இரண்டு வெள்ளைப் பட்டை, அதை மட்டும் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். ரஜூலாவின் ஜோடிக் கப்பல் ரோனா, இரண்டும் 1926இல் கட்டியவை, நம் மக்களைச் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி இறக்கியவை. ரோனாவை 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஏவுகுண்டு போட்டு மூழ்கடித்தது, 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் அமெரிக்கப் படைவீரர்கள், கூடவே லஸ்கர்களும். ரஜூலா பிழைத்தது, எழுபதுகள் வரை ஓடியது. அதே கம்பெனியின் இன்னொரு கப்பல்தான் கேர்சோப்பா, அதே இரண்டு வெள்ளைப் பட்டை. யூ-101 நம் பக்கம் வந்ததில்லை, ஆனால் 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பினாங்கில் தளம் வைத்து இந்தியப் பெருங்கடலில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம்! ஜப்பான்காரன் காலம் என்று பெரியவர்கள் சொல்கிற கதைகளில் இது ஏனோ வருவதில்லை.

அந்தக் கதைகளில் எங்கள் வீட்டில் வருவது சயாம்தான், இன்றைய தாய்லாந்து. தாத்தாவின் தம்பியை 1943இல் ஜப்பான்காரர்கள் தோட்டத்திலிருந்து ரயிலேற்றி சயாமுக்குக் கொண்டுபோனார்கள், மரண ரயில் பாதை போட. திரும்பவில்லை. எந்த இடத்தில் போனார், எந்தத் தேதி, புதைத்தார்களா எரித்தார்களா, ஒன்றும் தெரியாது. பாட்டி வெற்றிலைப் பெட்டியில் அவர் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் யாரையோ எழுதச் சொல்லி வைத்திருந்தார். அது இன்னும் இருக்கிறது. அவர் பெயர் எழுதியிருக்கிற ஒரே காகிதம் அது.

அதனால்தான் லஸ்கர்களுக்கும் பெயர் எங்கேயும் இல்லை என்று முதலில் நினைத்துக் கோபப்பட்டேன். தேடிப் படித்தபோது அது முழுசாகச் சரியில்லை என்று தெரிந்தது. லண்டன் டவர் ஹில் நினைவகத்தில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்களை உலோகப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்திய வணிகக் கப்பல்களில் போரில் இறந்த மாலுமிகள் கிட்டத்தட்ட 6,000 பேரின் பெயர்களோ மும்பை மாலுமிகள் இல்லத்திலும் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைத்திருக்கிற புத்தகங்களில் இருக்கின்றன. கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பலகைக்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது, பலகையில் மழை பெய்யும், வழிப்போக்கன் தொடுவான், புத்தகம் பூட்டிக்கிடக்கும். இருந்தாலும் பெயர் இருக்கிறது. சின்னத் தாத்தாவுக்கு அந்தப் புத்தகம்கூட இல்லை.

காசை வாங்கிய அன்று இதையெல்லாம் ஐயாவிடம் கொட்டிவிட்டேன். "ஐயா, கட்டிக்குக் கணக்கு எழுதியிருக்கிறீர்கள், ஆளுக்கு எழுதவில்லையே" என்று கேட்டேன், கேட்ட பிறகு பயமாகவும் இருந்தது, வயதானவர், கோபித்துக்கொள்வாரோ என்று. அவர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "ஆமாம்மா, விட்டுப்போச்சு" என்றார். அவர் அப்பாவும் ரஜூலாவில் வந்தவர்தானாம், தளத்தில் படுத்து வந்தவர், பினாங்கில் இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் நோய் பரவாமல் இருக்கத் தனிமையில் வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்களாம். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது, தேநீர் வந்தது, என் வெற்றிலைப் பெட்டிக்குக் கீல் மாற்றியதற்குக் காசே வாங்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கடையில் வெளிச்சம் போதாது, விளிம்பெழுத்தைப் பார்க்க வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. கார்டு எடுப்பதில்லை, ரொக்கம் மட்டும். ரசீது கேட்டால்தான் கிடைக்கும், கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் விற்க நினைத்தால் உதவும். 260 என்பது குறைந்த விலை இல்லை, பேரம் பேசிப் பார்த்தேன், பத்து வெள்ளிகூட இறங்கவில்லை. ஆனால் இணையத்தில் இதைவிட அதிகம் கேட்டவர்களையும் பார்த்தேன், அவர்கள் யாரும் விளிம்பைக் கையில் கொடுத்துக் காட்டவில்லை. பிளாஸ்டிக் உறையும் அவர் போட்டதுதான், கொஞ்சம் தளர்வு, நான் வேறு இறுக்கமான உறை வாங்கி மாற்றிக்கொண்டேன். வெள்ளி கறுக்கும், கையால் தொடாதீர்கள், புளி போட்டு விளக்குகிற வேலை கண்டிப்பாக வேண்டாம், பளபளப்பும் போகும், விலையும் போகும்.

முதலீடாக வாங்கலாமா என்று என் தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன். முதலீட்டுக்கு வெள்ளிக்கட்டியே வாங்கலாம், அதில் எடைக்கு விலை. இது அப்படி இல்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில், அந்தத் துண்டுக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மகளுக்கு விளிம்பை உருட்டிக் காட்டினேன், கப்பல் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள், பிறகு அந்தக் காகிதத்தையும் வாசித்தாள்.

போன வாரம் பூஜைக்கு எண்ணெய் வாங்கப் போனவள் கடையிலும் எட்டிப்பார்த்தேன். மற்ற இரண்டு காசும் இன்னும் பெட்டியில் இருந்தன. துண்டுத்தாள் புதிதாக இருந்தது. வெள்ளிக் கணக்குக்கு மேலே, முதல் வரியாக, தமிழில்: "85 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். ஒருவர் பிழைத்தார்." அதற்குக் கீழேதான் கட்டிகள்.

சனிக்கிழமை காலையில் போவது நல்லது, கெடாவில் விடுமுறை என்பதால் ஐயா நிதானமாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. மற்ற நாட்களில் பத்து மணிக்கு மேல் போங்கள். கதவு பாதி சாத்தியிருந்தாலும் திரும்பிப் போய்விடாதீர்கள், "ஐயா" என்று ஒரு குரல் கொடுங்கள், பின்கட்டில்தான் இருப்பார்.